கோடிக்குள்ளை உயர்த்திக் கட்டிற மரக்கறிப் பாத்தி: என்ன கல்லு, எவ்வளவு மண்?

வளவுக்காரி (அரியாலை):

வணக்கம். யாழ்ப்பாணத்திலை எங்கடை வீட்டுக் கோடிப்பக்கத்திலை (பின்வளவிலை) 10 அடி நீளம், 4 அடி அகலத்திலை ஒரு உயர்பாத்தி கட்ட நினைச்சிருக்கிறன். கத்தரி, மிளகாய், பயித்தை, கொஞ்சம் கீரை. வீட்டுச் சமையலுக்கு மட்டும்தான்.

நிலம் மேலாலை சாம்பல் நிற மணல்மண். அலவாங்காலை குத்தினால் ஒரு அடி, ஒன்றரை அடியிலை கல்லு தட்டும். கார்த்திகை, மார்கழியிலை கோடியிலை தண்ணி கணுக்கால் மட்டத்துக்கு நிக்கும், வத்த இரண்டு மூன்று நாள் எடுக்கும். கிணத்துத் தண்ணி மாரி முடிய நல்லாயிருக்கும், ஆடி ஆவணியிலை சவர் தெரியும். நினைச்ச இடத்திலிருந்து தென்னை 9 அடி, கிணறு 20 அடி.

எவ்வளவு உயரம் கட்ட வேணும்? சீமெந்துக் கல்லோ, தென்னங்குத்தியோ, தகரமோ? உள்ளுக்கு எதை எந்த அளவிலை நிரப்பிறது? அடியிலை பொலித்தீன் விரிக்க வேணுமோ? யூரியூப்பிலை பார்த்தால் பெர்லைட், பீற்மொஸ் எண்டு சொல்லினம். அதுகளை இஞ்சை எடுத்து 40 சதுர அடி நிரப்பினால் கத்தரிக்காயைத் தங்கத்தட்டிலைதான் வைக்க வேணும்.


செம்பாட்டான் (நீர்வேலி):

அக்கா, உங்கடை இடத்துக்கு உயர்பாத்தி பொருத்தம். நீர்வேலி, கோப்பாய், உரும்பிராய்ச் செம்பாட்டிலை (சிவப்பு மண்ணிலை) இருந்து இதைக் கேட்டிருந்தால், கல்லுக்குக் காசைக் கொட்டாமல் நிலத்திலேயே பாத்தி கட்டி வரம்பு பிடியுங்கோ எண்டிருப்பன். செம்பாட்டிலை தண்ணி தானாக இறங்கும், வேர் போக ஆழமும் இருக்கும். உங்களுக்கு இரண்டும் இல்லை: அடியிலை கல்லு, மாரியிலை தண்ணி. அதோடை கோடையிலை சவர் வேறை.

உயரம் நிலத்துக்கு மேலே 14 இஞ்சி காணும். கீழே உங்கடை சொந்த மண் ஒரு அடி இருக்கு, அதையும் கொத்தி இளக்கினால் வேருக்கு இரண்டடி மட்டிலை கிடைக்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது தாராளம். இரண்டு அடி, மூன்று அடி உயரம் கட்டிறவை இடுப்பு வலிக்காமல் வேலை செய்யிறதுக்காகக் கட்டினம். எங்கடை கோடையிலை அந்த உயரத்துப் பாத்தி நாலு பக்கத்தாலும் காயும். மண்ணும் இரட்டிப்பாய் வேணும், சுவரும் மொத்தமாய் வேணும்.

அகலம் 4 அடி எண்டது இரண்டு பக்கத்தாலும் கை எட்டும் எண்டால் மட்டும். ஒரு பக்கம் மதிலோடை ஒட்டினால் இரண்டரை அடிக்கு மேலே போக வேண்டாம். பாத்திக்குள்ளை கால் வைக்கிற தேவை வந்தால், ஒரே மிதியிலை நிரப்பின மண் இறுகிப் போகும்.

அடியிலை பொலித்தீன் விரிக்கவே வேண்டாம். சவர்த் தண்ணி ஊத்திற இடத்திலை உப்பு வெளியேற வழி ஒண்டு கட்டாயம் வேணும், அது கீழ்ப்பக்கம்தான். பொலித்தீன் போட்டால் முதல் கோடையிலேயே இலை ஓரம் கருகும், மாரியிலை வேர் அழுகும்.

இனி நிரப்பிற விசயம். உள்ளளவு 10க்கு 4, உயரம் 14 இஞ்சி எண்டால் 47 கன அடி, அதாவது அரைக் கியூப்புக்கு (ஒரு கியூப் 100 கன அடி) கொஞ்சம் குறைவு. முழுக்க மண்ணாலை நிரப்ப வேண்டாம்.

முதலிலை உள்ள நிலத்தை அலவாங்காலை ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி இளக்குங்கோ, புரட்டத் தேவையில்லை. கோரைக்கிழங்கு இருந்தால் இப்பவே பொறுக்குங்கோ. மேலே ஒரு அடி மண் போட்டால் அது சாகும் எண்டு நம்பிக் கெட்டவை கனபேர். அதுக்கு மேலே 4 இஞ்சிக்குப் பொச்சுமட்டை, குழிப்பக்கம் மேலே பார்க்க நெருக்கி அடுக்க வேணும். நூறு, நூற்றிருபது தேங்காய்ப் பொச்சு போகும். ஒரு மாரி நனைஞ்ச பழைய பொச்செண்டால் நல்லது. புதுசெண்டால் இரண்டு வாரம் தொட்டியிலை ஊறப்போட்டு, அந்தச் சிவந்த தண்ணியை இரண்டு தரம் மாத்தி ஊத்துங்கோ. ஊமல் (முளைச்சு முடிஞ்ச பனங்கொட்டையின்ரை வெறுங்கோது) இருந்தால் அதையும் இடையிலை போடலாம். முழுப் பனங்கொட்டை போட்டால் கத்தரிப் பாத்தி பனம்பாத்தியாய்ப் போகும், பிறகு கிழங்குதான் கிண்ட வேணும்.

இந்தப் பொச்சுப் படையைப் பற்றி ஒரு விளக்கம். வடிகாலுக்காக அடியிலை கல்லோ சல்லியோ போடுறது பிழையான நம்பிக்கை. பருமனான படைக்கு மேலே நிக்கிற நுண்ணிய மண், தான் முழுக்க ஊறின பிறகுதான் தண்ணியைக் கீழே விடும். உங்களுக்கு இந்தப் படை வேறை காரணத்துக்காக வேணும்: கோடையிலை கீழ்மண்ணிலையிருந்து உப்பு ஈரத்தோடை மேலே ஏறிற வழியை அது முறிக்கும். பொச்சு தன் பங்குக்குத் தண்ணியையும் பிடிச்சு வைக்கும். மூன்று நாலு வருசத்திலை உக்கி மண்ணாகும்.

பொச்சுக்கு மேலே பச்சைக் குழை. கிளிசெரியா முதல் தரம், இல்லாட்டிப் பூவரசு, வாதநாராயணி. 20 கிலோ மட்டிலை, தடிச்ச கொப்புகளைத் தள்ளி இலையும் இளந்தண்டும் நறுக்கிப் பரப்பி, மேலே ஒரு கடகம் மாட்டெரு தூவி நனைச்சு விடுங்கோ. குழை தாழ்க்கிறது எங்கடை ஆக்களுக்குப் புதுசில்லை.

அதுக்கு மேலே 10 இஞ்சி கலவை மண். கணக்குக்கு 33 கன அடி, ஆனால் கலக்கேக்கை அளவு சுருங்கும், 38 கன அடிக்குச் சாமான் எடுங்கோ. 50 கிலோ யூரியாப் பை ஒண்டு நிறைய 2 கன அடி எண்டு வைச்சால்:

மேல்மண் 10 பை (பாதி செம்பாடு, பாதி உங்கடை மணல்மண்)
உக்கின மாட்டெரு அல்லது கூட்டெரு 4 தொடக்கம் 5 பை
கழுவின தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) 3 பை
உமிக்கரி 1 பை

முழுக்கச் செம்பாடு போட்டால் பெட்டிக்குள்ளை காய்ஞ்சு இறுகும், முழுக்க உங்கடை மணல் எண்டால் தண்ணி நிக்காது. எரு கால் பங்குக்கு மேலே போனாலும் கூடாது. உப்பு கூடும், ஆறு மாதத்திலை பாதி உக்கிப் பாத்தி குழியாகும்.

தும்புத்தூளைக் கழுவாமல் போடாதேங்கோ. பொச்சு ஊறப்போடுற தண்ணி சவரெண்டால் தூளிலும் உப்பிருக்கும். சாக்கிலை கட்டி, நல்ல தண்ணியிலை மூன்று தரம் ஊறவிட்டுப் பிழியுங்கோ. மழைக்கு விட்டால் இன்னும் நல்லது. உமிக்கரி ஒரு பைக்கு மேலே வேண்டாம், அது காரத்தன்மை உள்ளது. எங்கடை மண்ணிலை ஏற்கெனவே சுண்ணாம்பு கனக்க. பச்சை உமியும் மரத்தூளும் கலவைக்குள்ளை போகவே கூடாது. உக்கிறதுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலையிருந்து இழுக்கும், கண்டு மஞ்சளாய் நிக்கும்.

எல்லாத்தையும் படைபடையாய்க் கொட்டாமல், வெளியிலை ஒரு தகரத்திலையோ சீமெந்து நிலத்திலையோ கொட்டி இரண்டு தரம் புரட்டிக் கலந்து, பிடிச்சால் உருண்டு, தட்டினால் உதிர்ற ஈரத்திலை நிரப்புங்கோ. 5 இஞ்சிக்கு ஒருக்கால் தண்ணி தெளிச்சு அமர விடலாம், மிதிக்க வேண்டாம். மேலே இரண்டு இஞ்சி குவிச்சே நிரப்புங்கோ, எப்படியும் இறங்கும்.


சாந்துக்கரண்டி (மானிப்பாய்):

கட்டிற பகுதியை நான் சொல்லுறன்.

மூன்றிலையும் சீமெந்துக் கல்லுதான் நிக்கும். தகரம் எங்கடை வெய்யிலுக்கு ஓரத்து மண்ணைச் சுட வைக்கும், சவரிலை அடிப்பக்கம் கறளும். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற்றை வெட்டிக் கட்டிறவையும் இருக்கினம். அது மரக்கறிக்கு மட்டுமில்லை, வெட்டிற ஆளுக்கும் கூடாது.

4 இஞ்சிக் கல்லு, முகம் 16க்கு 8. உங்கடை உள்ளளவுக்கு ஒரு வரிக்கு 22, இரண்டு வரிக்கு 44. உடைவுக்கும் சேர்த்து 48. கல்லு அரியிற இடத்திலை மூலையைக் கைவிரலாலை உரசிப் பாருங்கோ. மணல் உதிருதெண்டால் சீமெந்து குறைவு, அல்லது அரிஞ்ச பிறகு வடிவாய் நனைக்கேல்லை. இரண்டு கல்லைத் தட்டினால் மொக்கைச் சத்தம் வரக்கூடாது.

நூல் கட்டி மூலைக்குமூலை அளவுங்கோ. உள்ளளவு 10க்கு 4 எண்டால் இரண்டு மூலைவிட்டமும் 10 அடி 9¼ இஞ்சி வர வேணும். ஒண்டு கூடி ஒண்டு குறைஞ்சால் சட்டம் சரிஞ்சிருக்கு. சுத்திவர 6 இஞ்சி அகலம், 4 இஞ்சி ஆழத்திலை வாய்க்கால் வெட்டி, அடியை நனைச்சு இடிச்சு, 2 இஞ்சிக்குக் கொங்கிறீற். சீமெந்து ஒரு பங்கு, மணல் மூன்று, சல்லி ஆறு. அது இறுகின பிறகு முதல் வரி. கல்லு நிலத்துக்குள்ளை 2 இஞ்சி புதைஞ்சு நிக்கும், இரண்டு வரியும் சேர்ந்து வெளியிலை 14 இஞ்சி தெரியும். ரசமட்டம் இல்லாட்டி, தண்ணி நிரப்பின தெளிவான ரியூப்பாலை நாலு மூலையையும் மட்டம் பாருங்கோ. மட்டம் பிழைச்ச பாத்தியிலை ஒரு பக்கம் எப்பவும் காய்ஞ்சே இருக்கும்.

சாந்து ஒண்டுக்கு ஆறு. கல்லை நனைச்சுக் கட்டுங்கோ, காய்ஞ்ச கல்லு சாந்திலையிருக்கிற தண்ணியை உறிஞ்சிப்போடும். இரண்டாம் வரியிலை பொருத்து கீழ்ப் பொருத்துக்கு நேரே வராமல் அரைக் கல்லு தள்ளி வைக்க வேணும். மூலையிலை கல்லு மாறிமாறிப் பிடிக்க வேணும். சாந்தில்லாமல் அடுக்கினாலும் நிக்கும் எண்டு சிலபேர் சொல்லுவினம். நிக்கும், மாரி வரைக்கும். நனைஞ்ச மண் தள்ளேக்கை 10 அடிப் பக்கத்தின்ரை நடு வெளியாலை வயிறு தள்ளும்.

முதல் வரியிலை மூன்று கல்லுக்கு ஒரு நிலைக்குத்துப் பொருத்தைச் சாந்து வைக்காமல் அரை இஞ்சி வெளியாய் விடுங்கோ. தண்ணி போற வழி அதுதான். மண் வராமல் உள்பக்கத்தாலை ஒரு பிடி தும்பு அடைச்சால் சரி.

கொங்கிறீற்றுக்கும் சாந்துக்கும் சேர்த்து ஒரு பை சீமெந்திலை பாதிக்குக் கொஞ்சம் கூடப் போகும். மிச்சத்தை மேல்விளிம்புக்குப் பூசுங்கோ, கை கால் உரசாது. ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனைச்ச பிறகுதான் மண் நிரப்பிறது. அதுக்கு முதல் உள்பக்கச் சுவரிலை மட்டும் 500 கேஜ் பொலித்தீன் ஒட்டி இறக்குங்கோ, அடியிலை வேண்டாம். புதுச் சீமெந்தின்ரை காரம் மண்ணுக்கு இறங்காது, சுவராலை ஈரம் போறதும் குறையும்.

ஓட்டைக் கல்லு எடுத்தால் மேல் ஓட்டைகளை மண்ணாலை நிரப்பிவிடுங்கோ. மாரியிலை அதுக்குள்ளை தண்ணி நிண்டால் நுளம்பு பெருகும், டெங்குச் சோதனைக்கு வாறவை எழுதிப்போட்டுத்தான் போவினம்.


சோளகம் (பருத்தித்துறை):

மேலே சொன்னதெல்லாம் மாரிக்குச் சரி. கோடையை ஒருத்தரும் கணக்கெடுக்கேல்லை. வைகாசியிலையிருந்து ஆவணி வரை சோளகக் காத்து (தென்மேற்குக் காத்து) அடிக்கேக்கை உயர்பாத்தி என்ன பாடுபடும் எண்டதை இலக்கமாய்ப் பார்ப்பம்.

40 சதுர அடி எண்டால் 3.7 சதுர மீற்றர். கோடையிலை ஒரு நாளைக்கு 6 மில்லிமீற்றர் தண்ணி போகுதெண்டு வைச்சாலும் 22 லீற்றர். காத்தும் பாத்தி ஓரமும் சேர்ந்தால் 25 தொடக்கம் 30 லீற்றர். 10 லீற்றர் வாளியாலை மூன்று வாளி, ஒவ்வொரு நாளும். அது பெரிய வேலையில்லை.

தண்ணியோடை வாற உப்புத்தான் கணக்கு. ஒரு லீற்றரிலை ஒரு கிராம் உப்பிருக்கிற தண்ணியை 25 லீற்றர் வீதம் நூறு நாள் ஊத்தினால், இரண்டரைக் கிலோ உப்பை அந்தப் பெட்டிக்குள்ளை கொட்டின மாதிரி. தண்ணி ஆவியாய்ப் போகும், உப்பு நிக்கும். இலை நுனியும் ஓரமும் காய்ஞ்சு, மண்ணிலை வெள்ளைப் பூப் பூத்தால் நோய் எண்டு மருந்தடிக்காதேங்கோ.

அதாலை நாளுக்கு நாலு தரம் தெளிக்கிறதை விட்டு, ஒரே தரத்திலை வடிவாய், கீழாலை கொஞ்சம் கசியிற அளவுக்கு ஊத்துங்கோ. தேவையிலும் நூற்றுக்குப் பத்து, பதினைஞ்சு வீதம் கூட. மேலாலை மட்டும் நனைச்சால் உப்பு வேர் மட்டத்திலேயே தங்கும். ஆடி ஆவணியிலை மிளகாயையும் கத்தரியையும் புதுசாய் நடாதேங்கோ. போஞ்சி, கரட், முள்ளங்கி, வெங்காயம் எல்லாம் உப்புக்கு முதலிலை விழுகிறதுகள். கத்தரியும் பலர் நினைக்கிற அளவுக்குத் தாங்காது. தக்காளி நடுத்தரம். பயித்தையும் பீற்றூட்டும் தாங்கும்.

ஐப்பசியிலை முதல் பெருமழை வரேக்கை மூடாக்கை (மண்ணுக்கு மேலே பரப்பிற வைக்கோல், இலையை) ஒதுக்கிப் பாத்தியைத் திறந்து விடுங்கோ. 150 மில்லிமீற்றர் மழை ஒரு அடி மண்ணிலை உள்ள உப்பிலை ஏறத்தாழப் பாதியைக் கழுவும். காசில்லாமல் வாற வைத்தியம். அதுக்கு முதல் உரம் போட்டால் அதுவும் சேர்ந்து கழுவுப்பட்டுக் கிணத்துக்குத்தான் போகும். அடியிலை சுண்ணக்கல்லு, வெடிப்புகளாலை தண்ணி நேரே இறங்கும். 20 அடியிலை கிணறு எண்டால் யூரியாவை அளவோடை வைச்சிருங்கோ. முழுப் பாத்திக்கு ஒரு தரத்துக்கு 25 கிராம், மூன்று நாலு கிழமை இடைவெளியிலை. போட்ட உடனை மண்ணோடை கிளறித் தண்ணி விட வேணும். சுண்ணாம்பு மண்ணிலை மேலே கிடந்தால் அமோனியாவாய்க் காத்திலை போயிடும்.

மூடாக்கு 3 இஞ்சி, தண்டிலை முட்டாமல். வைக்கோல், காய்ஞ்ச வாழையிலை, நறுக்கின காவோலை எது கிடைக்குதோ அது. தெற்கும் மேற்கும் பார்த்த பக்கத்திலை இரண்டரை, மூன்று அடி உயரத்துக்குக் கிடுகு மறைப்பு. முழுக்க அடைக்காமல் காத்து கொஞ்சம் ஊடுருவ விடுங்கோ. மதில் மாதிரி அடைச்சால் காத்து மேலாலை ஏறிப் பாத்திக்குள்ளை சுழண்டு விழும்.


வளவுக்காரி (அரியாலை):

எல்லாருக்கும் நன்றி அண்ணைமார். இன்னும் சில சந்தேகம். பக்கத்து வளவிலை வீட்டுக்கு அத்திவாரம் வெட்டின மண் சும்மா தாறம் எண்டு சொல்லினம், எடுக்கலாமோ? பழைய சுவர் இடிச்ச முருகைக்கல்லும் கிடக்கு, அதை அடியிலை பரப்பினால் பொச்சு மிச்சமாகுமோ? தென்னங்குத்தியைச் சுவருக்கு வைக்கவேண்டாம், சரி, உள்ளுக்கு அடியிலை போடலாமோ? அடுப்புச் சாம்பல் இரண்டு சாக்கு இருக்கு. அம்மா கத்தரிக்குச் சாம்பல் போடச் சொல்லி நிக்கிறா.


செம்பாட்டான் (நீர்வேலி):

அத்திவார மண்ணை எடுக்க முதல் ஒரு சின்னச் சோதனை. ஒரு பிடி காய்ஞ்ச மண்ணைக் கோப்பையிலை போட்டு இரண்டு மேசைக்கரண்டி வினாகிரி ஊத்துங்கோ. நுரைச்சுப் பொங்கினால் சுண்ணாம்பு கனக்க. அத்திவாரம் வெட்டேக்கை வாறது பெரும்பாலும் அடிமண்ணும் கல்லுத்தூளும்தான், உயிரில்லாத மண். பாதைக்குப் போடுங்கோ, பாத்திக்குள்ளை வேண்டாம். கிறவலும் அப்படித்தான்.

காசு குடுத்துச் செம்பாடு ஏத்தினாலும் எங்கத்தை மண் எண்டு கேளுங்கோ. மிளகாய், தக்காளி, புகையிலை தொடர்ந்து செய்த தறை மண்ணிலை நூற்புழு வரும். வேரிலை முடிச்சு முடிச்சாய் இருக்கும், கண்டு மத்தியானத்திலை வாடி இரவிலை நிமிரும். பார்த்தீனியக் களை நிண்ட இடத்து மண்ணோ, அதை மேஞ்ச மாட்டின்ரை எருவோ வந்தால் வளவு முழுக்கப் பரவும். சந்தேகமெண்டால் கலவையை நிரப்பி நனைச்சு, தெளிவான பொலித்தீனாலை மூடி, ஓரத்தை மண்ணாலை அடைச்சு, நாலு தொடக்கம் ஆறு கிழமை வெய்யிலிலை விடுங்கோ. கறுப்புப் பொலித்தீன் வேண்டாம். அதிலை சூடு மேலேயே நிண்டுவிடும், மண்ணுக்குள்ளை இறங்காது. குழையும் பொச்சும் அந்த நேரத்திலேயே அமர்ந்திடும்.

முருகைக்கல்லு முழுக்கச் சுண்ணாம்பு. வெளிப்பக்கம் சுவராய்க் கட்டினால் அவ்வளவு கெடுதலில்லை, உள்ளுக்கு உடைச்சுப் பரப்ப வேண்டாம். அதிலை ஒட்டியிருக்கிற பழைய சாந்தும் சேர்ந்து கரையும்.

மரக்குத்தியை உள்ளுக்குப் போடுறது குளிர்நாட்டுப் பழக்கம். இஞ்சை கறையானுக்கு விருந்து வைச்ச மாதிரி. காய்ஞ்ச மரம் முடிய, கண்டின்ரை தண்டைப் பதம் பாக்கும். ஈரமாய் இருக்கிற பொச்சிலை அந்தப் பயம் குறைவு. கறையானுக்கெண்டு கழிவு ஒயில் பூசுறவையும் உண்டு. 20 அடியிலை கிணத்தை வைச்சுக்கொண்டு அதை நினைக்கவே வேண்டாம்.

சாம்பல் விசயத்திலை அம்மாவோடை சண்டை பிடியாதேங்கோ, அவ சொல்லுறதிலை பாதி உண்மை. இலையிலை மெல்லிசாய்த் தூவினால் சில பூச்சிக்கு உதவும், பொட்டாசியமும் கிடைக்கும். புளிச்ச (அமிலத்தன்மை உள்ள) மண்ணெண்டால் அள்ளிப் போடலாம். எங்கடை சுண்ணாம்பு மண்ணிலை இரண்டு சாக்கும் கொட்டினால் இரும்புச்சத்து வேருக்கு எட்டாமல் பூட்டுப்பட்டுப் போகும். இரண்டு கைப்பிடிக்கு மேலே வேண்டாம். மிச்சத்தைத் தென்னையடிக்குப் போடுங்கோ.

தென்னையைச் சொல்லேக்கை ஞாபகம் வருது. அதின்ரை வேரிலை பெரும்பங்கு அடிமரத்திலிருந்து 6, 7 அடிக்குள்ளை இருக்கும். 9 அடி பரவாயில்லை, ஆனால் ஈரம் இருக்கிற இடத்தை வேர் தேடி வரும். வருசம் ஒருக்கால், தென்னைப் பக்கத்துச் சுவருக்கு ஒரு அடி தள்ளி, மண்வெட்டியாலை ஒரு அடி ஆழத்துக்கு நேரே இறக்கி அறுத்துவிடுங்கோ.


சாதாளை (வேலணை):

கடற்கரை மணலை மட்டும் கலந்துபோடாதேங்கோ, கழுவினாலும் சிப்பித்தூள் அப்படியே நிக்கும். சாதாளை (கடற்கரையிலை ஒதுங்கிற கடற்தாவரம்) கிடைச்சால் ஒரு மாரி முழுக்க வெளியிலை நனையவிட்டு, பிறகு மூடாக்குக்குப் பாவிக்கலாம். கோழி எரு எண்டால் மூன்று மாதம் உக்கினது, முழுப் பாத்திக்கும் அரைப் பை. அதிலும் உப்பு உண்டு.


கீரைக்கட்டு (கொக்குவில்):

நடுகையைப் பற்றி ஒருத்தரும் தொடேல்லை.

நிரப்பின உடனை மிளகாய் நட வேண்டாம். குழை உக்கேக்கை உள்ளுக்குச் சூடு ஏறும், வேர் வெந்துபோகும். ஒரு முழக் கம்பியைக் குத்தி ஐந்து நிமிசம் விட்டு எடுத்துத் தொட்டுப் பாருங்கோ. வெதுவெதுப்பாய் இருந்தால் இன்னும் பொறுக்க வேணும். மூன்று, நாலு கிழமை எடுக்கும். அந்த இடைவெளியிலை முளைக்கீரை விதையை மணலோடை கலந்து தூவுங்கோ. கீரை வேர் ஆழம் போகாது, 25, 30 நாளிலை பிடுங்கலாம், மண் எங்கை நல்லது எங்கை மோசம் எண்டதையும் காட்டிக் குடுக்கும். ஒரு மூலையிலை மட்டும் குட்டையாய் மஞ்சளாய் வந்தால் அங்கை கலவை பிழை.

மிளகாய் இரண்டு வரிசை, வரிசைக்கு இடையிலை 2 அடி, கண்டுக்குக் கண்டு ஒன்றரை அடி. 14 கண்டு வரும். கத்தரி எண்டால் அதே இரண்டு வரிசையிலை இரண்டரை அடிக்கு ஒண்டு, முக்கோணமாய் மாத்தி 8 கண்டு. இதுக்கு மேலே நெருக்கினால் காத்தோட்டம் குறைஞ்சு வெள்ளை ஈயும் பனிப்பூச்சியும் குடியேறும், மிளகாயிலை இலை சுருளும். பயித்தைப் பந்தலை வடக்கு ஓரத்திலை போடுங்கோ. மாரிக்கும் தைக்கும் வெய்யில் தெற்காலை சரிஞ்சு வரும், நிழல் மற்றக் கண்டுகளிலை விழாது. பந்தல் கம்பைப் பாத்தி மண்ணிலை ஊண்டாமல் சுவருக்கு வெளியிலை நிலத்திலை ஊண்டுங்கோ. இளகின மண் காத்துக்குப் பிடிக்காது.

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒரே இடத்திலை தொடர்ந்து நடாமல் நடுவிலை ஒரு போகம் பயித்தையோ கீரையோ போடுங்கோ.

புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாய் நிண்டால் அது இரும்புக் குறை, எங்கடை மண்ணிலை வழக்கமானது. யூரியா போட்டுத் தீராது. பெரசு சல்பேற் 5 கிராமை ஒரு லீற்றர் தண்ணியிலை கரைச்சு, அரைத் தேசிக்காய்ப் புளி விட்டு, பின்னேரத்திலை இலையிலை தெளியுங்கோ. பத்து நாளைக்குப் பிறகு இன்னொருக்கால். பழைய இலை முழுசாய் மஞ்சளானால் மட்டும் நைதரசனைப் பாருங்கோ.


வளவுக்காரி (அரியாலை):

இப்ப ஆவணி. இந்த மாதமே கட்டத் தொடங்கினால் மாரிக்கு முதல் எதை முடிக்க வேணும்? சொட்டுநீர் போட்டால் வேலை குறையுமோ?


சோளகம் (பருத்தித்துறை):

ஆவணிக்குள்ளை கட்டி நனைச்சு முடியுங்கோ. புரட்டாதி முதல் கிழமை நிரப்பிக் கீரை தூவலாம். செம்பாட்டான் சொன்ன மாதிரி வெய்யிலிலை மூடி வைக்கிறதெண்டால், கீரையை விட்டுப்போட்டு ஐப்பசி பிறக்க முதல் பொலித்தீனை எடுங்கோ. மழை தொடங்கினால் மூடினதிலை பலனில்லை, உப்புக் கழுவுப்படுறதும் தடைப்படும். பெருமழைக்குள்ளை கண்டு நட்டு அடிவாங்க விடாதேங்கோ. கார்த்திகை நடுவிலை விறாந்தையிலை மழைச்சாரல் படாத இடத்திலை மிளகாய், கத்தரி நாத்துப் போட்டால், மழை ஓயிற மார்கழிக் கடைசியிலை ஐந்தாறு கிழமைக் கண்டாய்ப் பாத்திக்கு வரும். நாத்துக்குக் கூரையாலை வாற மழைத்தண்ணியைப் பிடிச்சு ஊத்துங்கோ, சவர் அதுகளுக்குத்தான் முதலிலை தெரியும்.

நடுறதுக்கு முதல் மண் எவ்வளவு இறங்கியிருக்கெண்டு பாருங்கோ. மாரியிலை இரண்டு மூன்று இஞ்சி இறங்கும். இரண்டு இஞ்சி கூட்டெரு போட்டு நிரப்ப மூன்றரைப் பை வேணும், அதை இப்பவே உக்கப் போட்டு வையுங்கோ.

சொட்டுநீர் நல்லது, மூன்று கோடு காணும். ஒரு அடிக்கு ஒரு துளை, மணிக்கு 2 லீற்றர் எண்டால் 30 துளையிலை மணிக்கு 60 லீற்றர். அரைமணித்தியாலம் திறந்தால் ஒரு நாள் கணக்கு முடியும். கிணத்துத் தண்ணியிலை சுண்ணாம்பு இருக்கிறதாலை துளை அடைக்கும். கோட்டின்ரை நுனியை மடிச்சுக் கட்டாமல் கழட்டிற மூடி போடுங்கோ, மாதத்துக்கு ஒருக்கால் திறந்து தண்ணியை ஓடவிடலாம். அடைச்ச துளைகளை இரவு முழுக்க வினாகிரியிலை ஊறவைச்சால் திறக்கும். இன்னொண்டு: சொட்டுநீர் நனைக்கிற வட்டத்தின்ரை ஓரத்திலைதான் உப்பு சேரும். கோடையிலை திடீரெண்டு ஒரு சின்ன மழை தூறினால் அந்த உப்பு வேருக்குள்ளை இறங்கும், அதாலை மழை தூறிற நேரத்திலையும் சொட்டுநீரைத் திறந்தே விடுங்கோ.